ஒரே பெயர், இரண்டு மெதட்: ஒரு பிழைச் செய்தியின் வரலாறு

அன்ட்ரொயிட் ஆப் செய்யத் தொடங்கின எங்களில் கனபேருக்குக் கிரேடில் அறிமுகமானது ஒரு பிழைச் செய்தியால்தான். 'இந்த மெதட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை' எண்டு சொல்லும். ஆரோ எழுதின வரியை ஒட்டி, ஓடினால் போதும் எண்டு விட்டுவிடுகிறோம். விளங்காதது எங்கட பிழை எண்டும் நினைக்கிறோம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

முன்பு ஜாவா நிரல்களைக் கட்ட ஆன்ட், மேவன் என்ற கருவிகளே இருந்தன. இரண்டிலும் எக்ஸ்எம்எல்லில் எழுதவேண்டும். சின்ன நிபந்தனைக்கும் பல வரிகள். 2003இல் ஜேம்ஸ் ஸ்ட்ராக்கன் குரூவி மொழியைத் தொடங்கினார். ஹான்ஸ் டொக்டர் தொடங்கிய கிரேடில் அந்த மொழியை எடுத்துக்கொண்டது. அதன் 1.0 பதிப்பு 2012இல் வந்தது. அடுத்த வருடம் கூகுள் அன்ட்ரொயிட் ஸ்டூடியோவை அறிவித்தபோது கிரேடிலும் கூடவே வந்தது.

சிக்கல் எங்கே? ஒரே பெயரில் இரண்டு மெதட் இருக்கு எண்டு வையுங்கோ. ஒன்று எந்தப் பொருளையும் ஏற்கும், மற்றது எழுத்துச்சரத்தை மட்டும். பொதுவான பொருள் என்று அறிவித்த மாறிக்குள் ஒரு சரத்தை வைத்துக் கூப்பிட்டால், ஜாவா அறிவிப்பைப் பார்த்து, கம்பைல் பண்ணும்போதே முதலாவதைத் தெரிவுசெய்யும். குரூவியோ ஓடும்போது உள்ளே கிடப்பதைப் பார்த்து இரண்டாவதை எடுக்கும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வகைகளை இரண்டு மெதட்டும் கேட்க, நாங்கள் 'நல்' அனுப்பினால்? எது எண்டு தெரியாமல் குரூவி நின்றுவிடவும் கூடும்.

2013இல் வந்த குரூவி 2.2, சுருள் அடைப்புக்குள் எழுதும் குளோஷரை, ஒரேயொரு மெதட் உள்ள இடைமுகமாகத் தானே மாற்றத் தொடங்கியது. எழுதுவது சுகமானது. ஆனால் அப்படியான இரு இடைமுகங்களுக்கு ஒரே பெயரில் மெதட் இருந்தால், அதே குளோஷர் இரண்டுக்கும் பொருந்தும். திரும்பவும் குழப்பம்.

ஸ்கலா பற்றிய நூலை 2003இலேயே கண்டிருந்தால் அநேகமாகக் குரூவியை உருவாக்கியிருக்கமாட்டேன் என்ற கருத்துப்பட ஸ்ட்ராக்கனே 2009இல் எழுதினார். ஸ்கலா வகைகளை முன்கூட்டியே சரிபார்க்கும் மொழி. கிரேடிலும் அந்தப் பக்கம்தான் நகர்ந்தது. 2018இல் வந்த 5.0 பதிப்போடு கொட்லினில் எழுதும் வழி 1.0 ஆனது, 2023இலிருந்து புதிய திட்டங்களுக்கு அதுவே இயல்பான தெரிவு. முதல்முறை ஓட நேரம் கூட எடுக்கும். ஆனால் பிழை எழுதும்போதே தெரிந்துவிடும்.

பழைய குரூவிக் கோப்புகள் இன்னும் எங்கட கைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்தமுறை அந்தச் செய்தி வந்தால் முழுக்க வாசியுங்கோ. என்ன அனுப்பப்பட்டது, எந்தப் பொருளில் தேடியது எண்டு அதன் பின்பாதியில் இருக்கும். பதில் அநேகமாக அங்கேதான்.