கிராமபோன் ஊசியும் இல்லத்துச் சங்கீதமும்

நம் நாட்டு இசைத்தட்டுகளின் சரித்திரத்தைச் சொல்ல முற்படுகிறவர்கள் பெரும்பாலும் பாடியவர்களின் சரித்திரத்தையே சொல்லி முடித்துவிடுகிறார்கள். 1902-ஆம் ஆண்டில் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்ததும், 1926-இல் பத்து வயதுச் சிறுமியான எம். எஸ். சுப்புலட்சுமியின் பாட்டு தட்டில் ஏறியதும் ரஸிகர்கள் அறிந்த விஷயங்களே. ஆனால் அந்தத் தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி வந்து, கூடத்தில் யந்திரத்தை வைத்துச் சாவி கொடுத்து, ஊசி மாட்டிக் கேட்ட கிரஹஸ்தர்களுக்கும் அதில் ஒரு வித்தை கைவந்திருந்தது என்பதும், நாதத்தின் தரம் பாதியளவேனும் அவர்கள் கையைப் பொறுத்தே இருந்தது என்பதும் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தட்டு என்பது அரக்கினால் ஆனது. சோட்டாநாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு கப்பலேறிப் போய், ஆரம்ப வருஷங்களில் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்தில் தட்டாக அச்சாகி, நம் பாடகர்களின் குரலைச் சுமந்துகொண்டு இங்கேயே திரும்பி வந்தது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை ஏற்பட்ட பிறகுதான் அந்தக் கடற்பிரயாணம் நின்றது. தெற்கே தட்டு வியாபாரம் நன்றாக வேரூன்றியது. பின்னாளில் படத்தயாரிப்பில் பெரும் புகழ் பெற்ற ஏ. வி. மெய்யப்பன் காரைக்குடியில் தட்டு விற்று அத்தொழிலைக் கற்றவர்தாம் என்பதும், சென்னையில் அவர் கூட்டாளிகளுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளுக்குப் பெயர் பெற்றிருந்தது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

அக்காலத்து யந்திரத்தில் மின்சாரத்தின் உதவி சிறிதும் இல்லை. சாவி கொடுத்து முறுக்கிய வில் தட்டைச் சுழற்றும்; தட்டின் நெளிகோட்டில் ஊசி அசையும்; அந்த அசைவு அப்பிரகத் தகட்டை அதிரச் செய்ய, அந்த அதிர்வைக் குழாய் பெரிதாக்கிக் கூடம் முழுவதும் பரப்பும். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருகு ஏதும் கிடையாது. குழாய் பெட்டிக்குள் மறைந்த வகை வாங்கியவர்கள் அதன் கதவுகளைச் சிறிது சாத்தியும் திறந்தும் ஒலியை அடக்கினார்கள். மற்றவர்களுக்கு ஊசி ஒன்றே கதி. பருத்த ஊசி உரக்கப் பாடும், மெல்லிய ஊசி தணிந்து பாடும். முற்றம் வைத்த பெரிய வீட்டுக்கு எது பொருந்தும், தெருவோரத்துச் சிறிய அறைக்கு எது பொருந்தும் என்பதை வாங்குகிறவர் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

ஊசியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லத்தான் வேண்டும். இருநூறு ஊசிகள் அடங்கிய சிறு தகரப் பெட்டிகளில் அவை விற்பனையாயின. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசிதான், மறு பக்கத்துக்குப் புதிதாக மாட்ட வேண்டும் என்பது கம்பெனிகளின் கண்டிப்பான உபதேசம். வியாபார நோக்கத்தால் சொன்ன வார்த்தை என்று அதைப் பலர் அலட்சியம் செய்திருக்கக்கூடும், உண்மையோ வேறு. அரக்கோடு கற்பொடியையும் கலந்தே தட்டைச் செய்தார்கள். அந்தப் பொடி, எஃகு ஊசியின் முனையை முதற் சில சுற்றுகளிலேயே தேய்த்து, கோட்டின் வடிவத்துக்கு இசைவாக ஆக்கிவிடும். ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் முனை தட்டையாகி, இரு புறமும் கூரான விளிம்புகள் எழுந்துவிடுகின்றன. அதே ஊசியை மறுபடி வைத்தால் அவ்விளிம்புகள் உளிபோல் கோட்டின் சுவர்களைச் செதுக்கத் தொடங்கும். தட்டின் மீது அபாரமான பிரியம் கொண்டவர்கள் மூங்கிலால் செய்த ஊசியை நாடினார்கள். அதன் ஒலி சன்னமானது; ஆனால் அது தட்டைத் தேய்ப்பது குறைவு. முனை மழுங்கினால் அதற்கென்றே அமைந்த சிறு வெட்டியால் நறுக்கிக் கூராக்கி மீண்டும் உபயோகித்துக்கொள்ளலாம்.

வேகத்தைச் சீராக்கும் பொறுப்பும் கேட்பவருடையதே. நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற கணக்கு. பழைய தட்டுகள் அதற்குச் சற்று முன்பின்னாகவே பதிவாயின. நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் மிகுந்தால் சுருதி ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். மத்யமம் பஞ்சமத்தை நெருங்குவது போன்ற விபரீதம் இதில் நேராது என்றாலும், கம்பீரமான சாரீரம் கீச்சுக் குரலாக மாறிவிடும். சுருதிஞானமுள்ளவர்கள் பக்கத்தில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு, பாடகரின் இயல்பான ஷட்ஜம் எதுவென்று தேர்ந்து, வேகத் திருகை அதற்கேற்ப நகர்த்த முடிந்தது. இதைக் காட்டிலும் உயர்ந்த செவிப்பயிற்சியை எந்த யந்திரமும் ரஸிகருக்கு அளித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

குறைகளும் இருந்தன. 1925-ஆம் ஆண்டு வாக்கில் மைக் வைத்து மின்சார முறையில் பதிவு செய்யும் வழக்கம் வரும்வரை, பாடகர் புனலுக்குள் பாடிய அந்நாட்களில், மிருதங்கத்தின் தொப்பி நாதம் தட்டில் சரியாக விழவே இல்லை. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷமே அடங்குமாதலால், கச்சேரியில் விரிந்து பரவும் ஆலாபனை சில வளைவுகளில் சுருங்கியது. அந்தச் சுருக்கத்திலேயே ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்ட வித்வான்களின் திறமையை நான் குறையென்று சொல்ல மாட்டேன்.

1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் தோன்றிய பின் கூடத்தின் முதலிடம் வால்வு ரேடியோவுக்குப் போயிற்று. பிறகு ரேடியோவும் தட்டுச் சுழற்றியும் ஒரே பெட்டியில் அடங்கிய ரேடியோகிராம் வந்தது. அமெரிக்காவில் 1948-இல் வெளிவந்த நீண்டநேரத் தட்டு இங்கே வந்து சேர்ந்தபோது, நீலக்கல் முனையும் வைர முனையும் எஃகு ஊசியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பழைய தட்டுகள் மட்டும் தங்கள் சொந்தக்காரர்களின் பழக்கத்தை உடலில் தாங்கி நிற்கின்றன. ஊசி மாற்றாத வீட்டிலிருந்து வந்த தட்டு சாம்பல் பூத்து இரைகிறது. மாற்றிய வீட்டுத் தட்டு இன்றும் கருமை மின்ன, தெளிவாகப் பாடுகிறது. அவற்றிலிருந்து ஒலியை மீட்டெடுக்கும் நிபுணர்கள் பல பருமனுள்ள முனைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பழைய ஊசி தொடாமல் விட்ட உயரத்தில் கோட்டுச் சுவரைத் தொடும் முனை எதுவோ அதைக் கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள்.