போர்ஷே 914 காரின் எரிபொருள் குழாய்கள்

போர்ஷே 914 என்பது 1969 முதல் 1976 வரை ஜெர்மனியில் தயாரிக்கப்பட்ட, இருவர் அமரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் ஆகும். இதன் இன்ஜின் இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்பாக அமைந்துள்ளது. பழங்காலக் கார்களைப் பேணுவோர் இந்தக் காரை வாங்கினால், அவர்கள் முதலில் செய்யும் வேலைகளுள் ஒன்று எரிபொருள் குழாய்களை மாற்றுவது. இது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. பழுதடைந்த குழாய்களால் 914 கார்கள் பல தீக்கிரையாகியுள்ளன. அதற்கான காரணங்கள் காரின் வடிவமைப்பிலும், ரப்பரின் இயல்பிலும், பெட்ரோலின் கலவை மாறி வந்த விதத்திலும் உள்ளன.

தோற்றம்

1960களின் பிற்பகுதியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்குத் தன் பழைய கார்மன் கியா வகைக்கு மாற்றாக ஒரு கார் தேவைப்பட்டது. போர்ஷே நிறுவனத்துக்கோ 911-ஐ விட விலை குறைந்த கார் ஒன்று தேவைப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ஸ் நார்தாஃபும் ஃபெர்ரி போர்ஷேயும் செய்துகொண்ட வாய்மொழி உடன்பாட்டிலிருந்து 914 பிறந்தது. 1968 ஏப்ரலில் நார்தாஃப் காலமானார். அவருக்குப் பின் தலைவரான கர்ட் லோட்ஸ் பழைய உடன்பாட்டை அதே விதத்தில் ஏற்கவில்லை. அதனால் காரின் விலை எதிர்பார்த்ததைவிட உயர்ந்தது. 1969 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் கார் அறிமுகமானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஃபோக்ஸ்வாகனின் நான்கு சிலிண்டர் இன்ஜின் கொண்டவை.

டி-ஜெட்ரானிக் அமைப்பு

தொடக்க காலத்து 1.7 லிட்டர் இன்ஜினில் கார்புரேட்டர் இல்லை. அதற்குப் பதிலாக போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் அமைப்பு பொருத்தப்பட்டது. இது முதன்முதலில் 1967-இல் அமெரிக்கச் சந்தைக்கான ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. பெயரிலுள்ள 'டி' அழுத்தம் எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து.

கார்புரேட்டர் உள்ள கார்களில் எரிபொருள் பொதுவாக 0.2 முதல் 0.3 பார் அழுத்தத்தில் செல்லும். டி-ஜெட்ரானிக்கில் இது ஏறத்தாழ 2 பார். தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலை மின் பம்ப் இடைவிடாமல் அனுப்பும். மிஞ்சியது திரும்பும் குழாய் வழியாகத் தொட்டிக்கே போகும். ஆகவே ஒரு குழாயில் சிறு கசிவு இருந்தாலும் இன்ஜின் வழக்கம்போல் ஓடக்கூடும். ஓட்டுநருக்கு வாசனையைத் தவிர வேறு எச்சரிக்கை கிடைக்காமல் போகலாம். அழுத்தத்துடன் பீறிடும் பெட்ரோல் சூடான வெப்பமாற்றியின் மீது பட்டால் தீப்பற்றும்.

குழாய்களின் பாதை

பெட்ரோல் தொட்டி காரின் முன்பக்கம், இன்ஜின் பின்பக்கம். ஆகவே அனுப்பும் குழாயும் திரும்பும் குழாயும் இருக்கைகளுக்கு நடுவேயுள்ள சுரங்கப் பகுதி வழியாகச் செல்கின்றன. கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் இதே வழியில்தான் செல்கின்றன. தொழிற்சாலையில் இவ்விரு குழாய்களும் பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பின் அவை உடையும் தன்மை அடைகின்றன. அவை சுரங்கத்துக்குள் மறைந்திருப்பதால் கண்ணால் பார்த்துச் சோதிக்கவும் முடிவதில்லை.

இன்னொரு குறை, பேட்டரி வைக்கப்பட்ட இடம். அது இன்ஜின் அறையின் வலப்பக்கத்தில் உள்ளது. அதிலிருந்து சொட்டும் அமிலம் கீழேயுள்ள உலோகத் தட்டை அரித்து, அப்பகுதியிலுள்ள குழாய்களையும் கெடுக்கும். 1974 வரையிலான கார்களில் பம்பும் இன்ஜின் அறையில்தான் இருந்தது. வெப்பத்தால் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபட்டதால், 1975 மாடலில் பம்ப் முன்பக்கத்துக்கு மாற்றப்பட்டது.

ரப்பரும் பெட்ரோலும்

இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி வீங்கும். இதைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் 1930களில் ஜெர்மனியில் உருவானது. அக்காலத்துக் கார்களின் குழாய்கள் பெரும்பாலும் இதனால் ஆனவை. எனினும் வெப்பமும் ஓசோனும் நைட்ரைலை இறுகச் செய்து வெடிக்க வைக்கும். ஜெர்மன் கார்களில் வழக்கமான குழாய்க்கு மேலே துணிப் பின்னல் உண்டு. உள்ளே ரப்பர் வெடித்திருந்தாலும் வெளிப்பின்னல் அதை மறைத்துவிடும்.

பின்னர் பெட்ரோலில் எத்தனால் கலக்கும் வழக்கம் பரவியது. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஜெர்மனியில் 2011-இலும் பிரிட்டனில் 2021-இலும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமானது. எத்தனால் பழைய ரப்பரிலுள்ள நெகிழ்வூட்டும் பொருள்களைக் கரைத்து வெளியேற்றும். நீண்ட நாள் நிறுத்தி வைத்த காரில் குழாய் காயும்போது அது சுருங்கி விரிசல் விடும். ஓடாமல் பத்திரமாக நின்ற கார்தான் பாதுகாப்பானது என்ற எண்ணம் இங்குப் பொருந்தாது.

மாற்றும் முறை

இப்போது சுரங்கத்துக்குள் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைச் செலுத்துவது பரவலான வழக்கம். வளைந்து செல்ல வேண்டிய இடங்களில் எஸ்ஏஇ ஜே30ஆர்9 தரத்து ரப்பர் குழாய்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றின் உட்பூச்சு ஃபுளோரோ ரப்பரால் ஆனது. ஏறத்தாழ 7 பார் அழுத்தத்தைத் தாங்கும். இவ்வகை ரப்பரை டுபாண்ட் நிறுவனம் 1957-இல் விட்டான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்புரேட்டருக்கான ஆர்7 வகைக் குழாய் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் இதற்கு ஈடாகாது. துளையிட்ட பட்டை கொண்ட சாதாரண கிளாம்புகள் ரப்பரை அறுக்கும் என்பதால், விளிம்பு மடிக்கப்பட்ட கிளாம்புகளே பொருத்தமானவை. வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், தொட்டியை வெளியில் காலி செய்வதும், முடிந்தபின் ஒவ்வோர் இணைப்பையும் கசிவுக்குச் சோதிப்பதும் இன்றியமையாதவை.

அசல் தன்மை குறித்த கேள்வி

பழங்காலக் கார்களின் மதிப்பு அசல் பாகங்களில் இருக்கிறது என்பது சேகரிப்பாளர்களின் பொதுக்கருத்து. பன்னாட்டுப் பழங்காலக் கார் கூட்டமைப்பான ஃபிவாவின் டூரின் சாசனமும் வரலாற்றுப் பொருளை இயன்றவரை காக்கச் சொல்கிறது. ஆனால் அதே சாசனம், பிற்காலத்தில் மாற்றிய பாகங்களை அடையாளம் காணும்படி குறியிட வேண்டும் என்கிறது. அதாவது, மாற்றத்தை அது தடை செய்யவில்லை; மறைப்பதையே விரும்பவில்லை. எரிபொருள் குழாய் தேய்ந்துபோவதற்கென்றே உள்ள பாகம். அதை அசலாகவே வைத்திருக்க முயன்றால், காரின் மற்ற எல்லா அசல் பாகங்களையும் ஒரே தீயில் இழக்க நேரிடும்.