பழைய வீட்டை விற்கும் முன் செய்த செலவு: ஒரு வரி வரலாறு

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீடு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா காலத்து வீடு. 1970களில் ஓசூரில் சிப்காட் வந்த பிறகு பல குடும்பங்களில் நடந்ததுபோல இந்த வீட்டுப் பிள்ளைகளும் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். விற்பது என்று முடிவானதும் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். உடைந்த ஓடுகளை மாற்றி, வெடிப்புகளைப் பூசி, வெள்ளையடித்து, வயரிங்கைச் சரிசெய்கிறார்கள். செலவான பணம் விற்பனை விலையில் திரும்பி வருமா என்பதுதான் எல்லோருடைய கவலையும். அதே செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியுமா என்று அப்போது யாரும் யோசிப்பதில்லை. இந்த இரண்டாவது கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

சொத்தை விற்ற லாபத்துக்கு வரி என்பது இந்தியாவில் சுதந்திரத்துக்குச் சற்று முன்னால் வந்தது. இடைக்கால அரசின் நிதி அமைச்சர் லியாகத் அலி கான் 1947 பட்ஜெட்டில் கொண்டுவந்தார். அது 1946 ஏப்ரல் முதல் 1948 மார்ச் வரையிலான விற்பனைகளுக்கு மட்டுமே நின்றது, பிறகு கைவிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டார் இந்தியாவின் வரி அமைப்பை ஆராய்ந்து 1956இல் அறிக்கை கொடுத்தார். டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதி அமைச்சராக இருந்த அதே ஆண்டில் மூலதன ஆதாய வரி மீண்டும் வந்தது. அதன்பின் போகவே இல்லை.

லாபம் என்றால் விற்ற விலையில் வாங்கிய விலையைக் கழிப்பது. ஆனால் தாத்தா கட்டிய வீட்டின் அடக்கவிலை யாருக்குத் தெரியும்? அதற்காகச் சட்டம் ஒரு தேதியை வைத்தது. அந்தத் தேதிக்கு முன் வந்த சொத்தானால் அன்றைய சந்தை மதிப்பையே அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் 1954, பிறகு 1964, 1974, 1981 என்று அந்தத் தேதி நகர்ந்தது. 2017 பட்ஜெட் அதை 2001 ஏப்ரல் 1க்குக் கொண்டுவந்தது. விற்பவருக்கு இது பெரும்பாலும் லாபம்தான், 1981 மதிப்பைவிட 2001 மதிப்பு அதிகமல்லவா! ஆனால் 2001க்கு முன் திண்ணை கட்டியது, கிணறு வெட்டியது எதையும் தனிச் செலவாகக் காட்ட முடியாது. எல்லாம் அந்த ஒரே மதிப்புக்குள் அடங்கிவிடும். நிலம், கட்டடத்துக்கு அந்த மதிப்பும் 2001இல் முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்திருந்த மதிப்பைத் தாண்டக் கூடாது என்று 2020இல் இன்னொரு கடிவாளம் வந்தது.

அடுத்தது பணவீக்கம். பழைய ரூபாயும் புது ரூபாயும் ஒன்றல்ல என்பதை 1992 பட்ஜெட்தான் முழுதாக ஒப்புக்கொண்டது. ராஜா செல்லையா தலைமையிலான வரிச் சீர்திருத்தக் குழுவின் காலம் அது, மன்மோகன் சிங் நிதி அமைச்சர். செலவு செய்த ஆண்டுக்கும் விற்ற ஆண்டுக்கும் உள்ள குறியீட்டெண் விகிதத்தில் செலவை உயர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். வாங்கிய விலைக்கு மட்டுமல்ல, மேம்பாட்டுச் செலவுக்கும் அது உண்டு.

எது மேம்பாடு? கணக்குப் பதிவியலில் முதலாமாண்டில் படித்த மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு வேறுபாடுதான் இது. (தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற பாடம்.) கூடுதல் அறை, புதிய கழிப்பறை, ஓட்டை இறக்கிவிட்டு கான்கிரீட் தளம் போடுவது எல்லாம் மேம்பாடு. வெள்ளையடிப்பதும் உடைந்த ஓட்டை மாற்றுவதும் வெறும் பராமரிப்பு, கழிக்க முடியாது. ஆக, விற்பதற்கு முந்தைய மாதம் அவசரமாகச் செய்யும் பெரும்பாலான வேலைகள் கண்ணுக்குத்தான் அழகு. வரிக் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. தரகருக்குக் கொடுக்கும் கமிஷனையாவது கழிக்கலாம்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். எண்கள் உதாரணத்துக்குத்தான். அந்த வீட்டின் 2001 மதிப்பு 1,00,000 ரூபாய். 2010-11இல் 1,50,000 ரூபாயில் கான்கிரீட் அறை ஒன்று சேர்த்தார்கள். 2024 ஜூன் மாதம் 8,00,000 ரூபாய்க்கு விற்றார்கள். குறியீட்டெண் 2001-02இல் 100, 2010-11இல் 167, 2024-25இல் 363. எனவே மதிப்பு 3,63,000 ஆகிறது, அறைச் செலவு சுமார் 3,26,000 ஆகிறது. ஆதாயம் சுமார் 1,11,000. அப்போதைய 20 சதவீதத்தில் வரி சுமார் 22,200 ரூபாய். அறை கட்டிய ரசீது இல்லாவிட்டால் ஆதாயம் 4,37,000, வரி 87,400. (செஸ் தனி. விற்பவருக்குச் சம்பளம் போன்ற வேறு வருமானமும் இருப்பதாகக் கொள்க.) மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டும் சிமெண்ட், கம்பி வாங்கிய பில்லும் சேர்ந்து 65,000 ரூபாய்க்கு மேல் பெறும். நம் ஊரில் இந்தக் காகிதங்களை வீடு மாறும்போது முதலில் தூக்கிப் போடுகிறார்கள்.

2024 ஜூலை 23 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் குறியீட்டெண் சலுகையை நீக்கி, வரியை 12.5 சதவீதமாகக் குறைத்தார். பழைய வீடு வைத்திருப்போரிடமிருந்து எழுந்த எதிர்ப்பில், அடுத்த மாதமே ஒரு திருத்தம் வந்தது. அந்தத் தேதிக்கு முன் நிலமோ கட்டடமோ பெற்ற உள்நாட்டுத் தனிநபர்களும் இந்துக் கூட்டுக் குடும்பங்களும் இரண்டு முறையிலும் கணக்கிட்டு, குறைவான வரியைக் கட்டலாம். அதே வீட்டை அந்த நிதியாண்டிலேயே புது முறையில் கணக்கிட்டால், ரசீது இருந்தால் 68,750, இல்லையென்றால் 87,500. ரசீது வைத்திருப்பவர் பழைய முறையைத்தான் எடுப்பார். தொலைத்தவருக்கு எந்த முறையானாலும் நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

2024 ஜூலை 23 அன்றோ அதன் பிறகோ வீடு வாங்கியவருக்கு இந்தத் தேர்வும் கிடையாது. அவர் இன்று 5,00,000 ரூபாயில் மாடி எடுத்துவிட்டு இருபது ஆண்டு கழித்து விற்றாலும், இதே விதி அப்போதும் இருந்தால், கழிவது அதே 5,00,000தான்.