திண்ணையும் சட்டமும்

திருகோணமலை நகரிலே மடத்தடி என்றோர் இடம் உண்டு. மடம் என்னுஞ் சொல்லுக்கு ஈழத்துத் தமிழர் வழக்கில் துறவியர் உறைவிடம் என்பதினும் வழிப்போக்கர் தங்குமிடம் என்பதே பெருவழக்கான பொருள். பழைய தெருவோரங்களில் மடமும், அதனருகே கேணியும், சுமைதாங்கியும், மாடுகள் உடல் தேய்க்க ஆவுரஞ்சிக் கல்லும் அறஞ்செய்வோர் அமைத்து வைத்தனர். இரவில் வந்தவன் படுத்தெழுந்து காலையிற் போவான். அவன் தொழில் யாதென்று கேட்பாரில்லை. தஞ்சைச் சரபோஜி மன்னர் 1801 இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதமொன்றிலே, தம் சத்திரங்களில் யாத்திரிகர்க்கு உணவும், நோயுற்றார்க்கு மருந்தும், அங்கே இறந்தார்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடனும் வழங்கப்பெறுவதை விரித்துரைத்தார். எனினும் இவ்வறத்தைப் புகழ்வோர் ஒன்றை மறைத்தல் தகாது. சாதி கேளாத வாசல் எல்லாவிடத்தும் இருக்கவில்லை.

நெப்போலியனோடு நடந்த போர் 1815 இல் முடிந்தபின், படையினின்றும் விலக்கப்பட்ட ஆடவர் பலர் வேலையும் வீடுமின்றி இங்கிலாந்தின் தெருக்களில் அலைந்தனர். அலைவோரைத் தண்டிக்க 1824 இல் அங்கே ஒரு சட்டம் எழுந்தது. அதன் சாயலிலே இலங்கையில் 1841 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் பிறந்தது. பிழைக்கும் வழி காட்டாமல், உடையவர் அனுமதியின்றி, திண்ணையிலோ கொட்டிலிலோ ஆளில்லா வீட்டிலோ வண்டியிலோ தங்கித் திரிபவன் அதன்படி குற்றவாளி. ஆங்கிலத்தில் வராந்தா என்று எழுதியதே நம்மூரிலே திண்ணை. வழிப்போக்கனுக்கென்றே நம்மவர் வீட்டு முகப்பில் கட்டிய இடம், குற்றம் நிகழும் இடங்களுள் ஒன்றாய்ச் சட்டநூலில் ஏறிற்று!

இன்னொன்றும் நோக்குதற்குரியது. இங்கிலாந்திலே தண்டனையோடு ஒரு கூரையும் இருந்தது. ஏழையர் பணிமனைகளில் வீடற்றவன் ஓரிரவு தங்கலாம், ரொட்டியும் கிடைக்கும். அதற்கு ஈடாகக் கல்லுடைக்க வேண்டும். அல்லது பழைய கப்பற் கயிற்றை விரலாற் பிரித்து நாராக்க வேண்டும். கொடிய கூரைதான், ஆயினும் கூரை. இலங்கைக்குக் கப்பலேறி வந்ததோ தண்டனை மாத்திரமே. 1907 ஆம் ஆண்டின் தடுப்பு இல்லக் கட்டளைச்சட்டம் ஒரு கூரையைத் தந்தது உண்மை. ஆனால் அங்கே அனுப்புபவர் நீதவான். அனுப்பப்பட்டவன் விரும்பியபோது வெளியேற இயலாது. 1939 இல் இயற்றப்பட்ட ஏழைகள் சட்டம் வறியோர்க்கு உதவுங் கடமையை உள்ளூராட்சியின் தலையில் வைத்தது. அது நடைமுறைக்கு வந்த ஊர்கள் கொழும்பு, கண்டி, காலி. திருகோணமலை அவற்றுள் இல்லை.

தனியாட்கள் வந்து சேரும் ஊரோ திருகோணமலை. 1927 இல் இரயிற்பாதை இங்கே வந்தது. கடற்படைத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் பிற ஊராரைத் தொழிலுக்கு இழுத்தன. 1942 ஏப்ரில் 9 ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது தொழிலாளர் பலர் ஊரைவிட்டு ஓடினர். 1957 ஒக்டோபரில் ஆங்கிலேயர் தளத்தைக் கையளித்து நீங்கியபோது, அத்தளத்தை நம்பியிருந்தோர் பிழைப்பிழந்தனர்.

1964 டிசம்பர்ச் சூறாவளியிலும், 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையிலும் பள்ளிக்கூடங்களும் கோயில்களும் வாசலைத் திறந்தன. அத்தகைய வேளைகளிலே பெயர்ப் பதிவு குடும்பம் குடும்பமாகவே நடைபெறும். நிவாரணப் பொருளும் அக்கணக்கிலேயே அளக்கப்படும். மனைவி மக்களுடன் வராத ஆடவன் வரிசையின் கடைசியில் நிற்பான். பேரிடர் ஒன்றும் நேராத காலத்தில், கூலியும் நோயும் கைவிட்ட இரவில், அவனுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் திறப்பதில்லை.

அயல்நாடாகிய இந்தியாவிலே உயர்நீதிமன்றங்களுக்கு மேலான உச்சநீதிமன்றம் 2010 இல் ஓர் அளவு வகுத்தது: நகரங்களில் இலட்சம் பேருக்கு ஒரு தங்கிடம், ஆண்டு முழுவதும், இரவும் பகலும் அது திறந்திருத்தல் வேண்டும். திருகோணமலை மாவட்டத்தின் மக்கள்தொகை 2012 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மூன்றரை இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அவ்வளவு நகரங்களுக்கென வகுத்ததாயினும், துறைமுக வாயிலினின்று நடந்துபோகக்கூடிய தூரத்தில் ஒன்றையேனும் கேட்பது மிகையாகாது.