அடையாளங்களும் 1844 அக்டோபர் 22-ஆம் நாளும்

மத்தேயு 24-ஆம் அதிகாரம் யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி, சூரியன் இருளடைதல், நட்சத்திரங்கள் விழுதல் ஆகியவற்றை இயேசுவின் இரண்டாம் வருகைக்கு முந்திய அடையாளங்களாகக் கூறுகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரம் பூமியதிர்ச்சி, கறுத்த சூரியன், இரத்தநிறச் சந்திரன், விழும் நட்சத்திரங்கள் என வரிசைப்படுத்துகிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பலர் அந்த வரிசையை வரலாற்றிலேயே கண்டனர்: 1755 நவம்பர் 1 லிஸ்பன் நிலநடுக்கம், 1780 மே 19 அன்று நியூ இங்கிலாந்தில் பட்டப்பகலில் கவிந்த இருள், 1833 நவம்பர் 13 விடியலுக்கு முன் பொழிந்த விண்கல் மழை. அந்த இருளுக்குக் காட்டுத்தீயின் புகையே காரணம் என்பது இன்றைய விளக்கம். ஆனால் நண்பகலில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்களின் அச்சம் உண்மையானது.

நியூயார்க் மாநில விவசாயியும் பாப்டிஸ்டுமான வில்லியம் மில்லர், தானியேல் 8:14-இன் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, இயேசுவின் வருகைக்கான காலத்தைக் கி.மு. 457-இலிருந்து கணக்கிட்டார். முதலில் குறித்த காலம் 1844 மார்ச்சில் கடந்துபோனது. பின்னர் மில்லரைப் பின்பற்றிய சாமுவேல் ஸ்னோ அதே ஆண்டு அக்டோபர் 22-ஐக் குறித்தார். சிலர் விளைந்த பயிரை அறுக்காமலே விட்டுவிட்டுக் காத்திருந்தனர். வருகை நிகழாமலே விடிந்ததும் பலர் அழுதனர். அது 'பெரும் ஏமாற்றம்' எனப் பெயர் பெற்றது. அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று அதே மத்தேயு அதிகாரம் கூறுவதை எதிர்ப்பாளர்கள் முன்பே நினைவூட்டியிருந்தனர். அந்த எச்சரிக்கைக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. மில்லர் 1849-இல் இறந்தார். எஞ்சியோரில் ஒரு பிரிவினர் தேதி குறிப்பதைக் கைவிட்டு, 1863-இல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையை முறையாக அமைத்தனர்.