வேர்க்கடலைப் பாலும் வெளிவிடும் மூச்சும்

பெங்களூர் பசவனகுடியில், கெம்பே கௌடர் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் நந்தி கோயிலைச் சுற்றி, கார்த்திகை மாதத்துக் கடைசிச் சோமவாரத்தில் புதுக்கடலையைக் குவியல் குவியலாகக் கொட்டிச் சேர்க் கணக்கில் அளந்து விற்கும் ‘கடலேகாயி பரிஷெ’ என்னும் சந்தை, கன்னட நாட்டுக் குடியானவர்களோடு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நம்மவர்களையும் இழுத்து வருகிறது. கடலைக் கொல்லையை மேய்ந்து அழித்த காளையைச் சாந்தப்படுத்தவே கோயில் எழுந்தது என்பது ஐதிகம். தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பயிர் கெம்பே கௌடர் காலத்திலேயே இந்த மேட்டு நிலத்தை எட்டியிருக்குமா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம். ஸ்தல புராணங்கள் வருஷக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

அந்தக் கடலையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். செக்கில் ஆட்டி எண்ணெயைத் தான் எடுத்துக்கொண்டு, புரதம் முழுவதும் தங்கிய பிண்ணாக்கை மாட்டுக்கும் வயலுக்கும் போடுவது மனிதனின் வழக்கம். எண்ணெயை விரும்பியதில் குற்றமில்லை. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி சக்தி தருவது. பித்தநீரால் நுண்துளிகளாகக் கலங்கி, கணையநீரால் பிளவுண்டு, நிணநீர் வழியே இரத்தத்தை அடைந்து, அன்றைய தேவைக்குப் போக மிஞ்சியது தோலின் கீழும் வயிற்றைச் சுற்றியும் நாளைக்கென்று தங்குவது. புரதத்துக்கோ அத்தகைய களஞ்சியம் சரீரத்தில் இல்லை. அது அமினோ அமிலங்களாகச் சிதைந்து திசுக்களைக் கட்டும். கட்டுவதற்கு இன்றியமையாத ஒன்று குறைந்தாலும், உடன்வந்த மற்றவை வேலையின்றி எரிந்துபோக, அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் கழியும். ஆகவே எவ்வளவு புரதம் என்பதோடு எத்தகைய புரதம் என்றும் கேட்கவேண்டியதாயிற்று.

அக்கேள்வியைப் பெங்களூரில் தொடர்ந்து கேட்ட இடம், ஊரார் ‘டாட்டா இன்ஸ்டிட்யூட்’ என்றழைக்கும் இந்திய விஞ்ஞானக் கழகம். 1909-ல் ஸ்தாபிதமான அக்கழகத்தில் 1921-ல் உயிர்வேதியியல் துறை தோன்றியது. 1933-ல் கமலா பாகவத் என்ற பம்பாய்ப் பட்டதாரிப் பெண் அங்கே இடம் கேட்டபோது, டைரக்டராயிருந்த ஸர் சி. வி. ராமன், பெண் என்ற ஒரே காரணத்தால் மறுத்து, அவர் விடாப்பிடியாக நின்றபின் ஓராண்டு பரீட்சார்த்தமாக மட்டும் சேர்த்துக்கொண்டார். ஒளியின் சூட்சுமத்தைக் கண்ட மேதைக்கு இது அழகன்று. மேதையாயிற்றே என்று நாம் மழுப்பவும் வேண்டியதில்லை. ஸ்ரீநிவாசய்யாவின் வழிகாட்டலில் அப்பெண் ஆராய்ந்தவை பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்கள். பின்னர் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, கமலா சோஹோனி என்ற பெயரில் புகழடைந்தார்.

அதே துறையில் பேராசிரியராயிருந்த வி. சுப்பிரமணியன், வங்கத்துப் பஞ்சம் தேசத்தை உலுக்கிய 1940-களில், தம் சகாக்களுடன் சோயாவிலிருந்தும் கடலையிலிருந்தும் பால் எடுக்கும் முயற்சியில் இறங்கினார். ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, நீர் கூட்டி வடித்துக் காய்ச்சுவது வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த காரியந்தான்; வேக்காட்டில் பச்சை வாடை போகவேண்டும், பசும்பாலுக்கு நிகராக உடல் அதை ஏற்கிறதா என்று அளக்கவும் வேண்டும் என்பதிலேயே பரிசோதனைச்சாலைக்கு வேலை இருந்தது. 1950-ல் மைசூர் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது, அதன் முதல் டைரக்டராக இவ்வேலையை அவர் அங்கே கொண்டுபோனார். வேர்க்கடலை மாவு முக்கால் பங்கும், பொட்டுக்கடலை மாவு கால் பங்கும், வைட்டமின்களும் சேர்ந்த ‘பல்நோக்கு உணவு’ அங்கே உருவாயிற்று. வேர்க்கடலையில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பொட்டுக்கடலை ஈடுசெய்யும். ஆனால் 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மாண்டு, அஃப்லடாக்ஸின் என்னும் நஞ்சு வெளிப்பட்டதும், கடலை மாவின்மேல் வைத்த நம்பிக்கைக்குப் பழுது நேர்ந்தது.

கேள்வி மட்டும் ஓயவில்லை. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் அனுரா குர்பாடும் அவருடைய சகாக்களும், அமெரிக்க அறிஞர் வெர்னன் யங்குடன் கூடி, மூச்சைக் கொண்டே அதற்கு விடை தேடினர். கார்பன்-13 பொதிந்த லூசின் என்ற மற்றோர் அமினோ அமிலத்தைச் செலுத்தி, 24 மணி நேரமும் வெளிவிடும் மூச்சைச் சேகரிப்பார்கள்: உணவில் லைசின் குறைவானால் லூசின் வீணாய் எரிந்து, அந்தக் கார்பன் மூச்சில் மிகுதியாக வரும், லைசினைப் படிப்படியாகக் கூட்டினால் ஓரிடத்தில் அந்த எரிப்பு தணிந்து நிலைகொள்ளும். அந்த இடமே தேவையின் அளவு. 1985-ல் சர்வதேச நிபுணர்கள் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் லைசின் போதுமென்றனர். 2007-ல் வெளியான அவர்களது அறிக்கை அதை 30 ஆக உயர்த்தியதற்கு இப்பெங்களூர் ஆய்வுகளும் ஆதாரம். பட்டினியில் பழகிய உடல் குறைவாக வைத்துக் காலம் தள்ளும் என்ற சௌகரியமான எண்ணமும் இங்கே உடைந்தது: குடற்புழு உள்ள மெலிந்த மனிதருக்குத் தேவை கூடுதலாகவே இருந்தது.

55 கிலோ எடையுள்ள ஆளுக்கு, இக்கணக்கின்படி, நாளொன்றுக்குச் சுமார் 1.65 கிராம் லைசின் வேண்டும். 300 கிராம் அரிசியும் 60 கிராம் துவரம்பருப்பும் ஏறத்தாழ அதைத் தந்துவிடும். பருப்பில்லாமல் அரிசியிலிருந்தே பெறுவதானால் 650 கிராம் வரை உண்ணவேண்டும்.