ஒப்பாரியும் அரங்கும்: வன்னியின் அரியாத்தை கதை பற்றிய ஒரு நோக்கு

கம்பராமாயணத்தின் இராவணன், பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1965இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்திலே துன்பியல் நாயகனாக எழுந்து நின்றான். செவ்விலக்கியம் அரங்கேறிய இவ்வழி நன்கறியப்பட்டது. மக்களின் வாய்மொழிப் பாடல் அரங்கேறிய வழியோ போதிய கவனம் பெறவில்லை. வன்னியில் வழங்கிய 'வேலப்பணிக்கன் ஒப்பாரி' இவ்வகையில் ஆராயத்தக்கது.

பணிக்கர் என்போர் யானை பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டோர். வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை காட்டு யானையொன்றை அடக்கிக் கட்டினாள், பின்னர் உயிரிழந்தாள். முல்லைத்தீவின் குமுளமுனையோடு தொடர்புபடுத்தப்படும் இக்கதையை அதன் பொருளியல் அடித்தளத்தில் வைத்தே நாம் நோக்குதல் வேண்டும். வன்னியர் தலைவர்கள் போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகச் செலுத்தியது யானைகளையே. அவை யாழ்ப்பாணத்தினூடாக இந்தியச் சந்தைகளுக்குக் கப்பலேற்றப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயர் இன்றும் அவ்வணிகத்தை நினைவூட்டுகின்றது. திறையைச் செலுத்தியவன் தலைவன். ஆதாயம் பெற்றவன் அந்நியன். உயிரைப் பணயம் வைத்தவன் பணிக்கன். இம்மூவரிடை உறவினுள்ளேதான் அரியாத்தையின் வீரம் பொருள் பெறுகின்றது.

ஒப்பாரி இறந்தவரை விளித்துப் பாடப்படுவது. அதில் முடிவு முன்னரே தெரிந்துவிடுகின்றது. வெற்றியைக் கூறும் அடியிலும் இழப்பே ஒலிக்கின்றது. கூத்தோ நிகழ்ச்சியைக் கண்முன் நடத்துவது. வரவும் மத்தள ஒலியும் ஆட்டமும் பாத்திரத்தை உயர்த்துகின்றன. பார்ப்போர் வெற்றியை எதிர்நோக்கியிருக்கின்றனர். அருணா செல்லத்துரை இக்கதையை வன்னிக் கூத்து மரபில் 'வேழம்படுத்த வீராங்கனை'யாக மேடைக்குக் கொணர்ந்தமை போற்றத்தக்க பணியாகும். எனினும் தலைப்பிலேயே அழுத்தம் இடம்மாறியிருப்பதை நாம் காணலாம்: ஒப்பாரி இறந்தவளுக்காக அழுதது, அரங்கு வென்றவளைக் கொண்டாடுகின்றது.

இது வெறும் வடிவப் பிரச்சினையன்று. 2009 மே மாதத்தில் போர் முடிவுற்ற முல்லைத்தீவு மண்ணிலே, இறந்தோரை எவ்வாறு நினைவுகூர்வது என்பது அரசியல் வினாவாகும். வீரத்தை மாத்திரம் பாடும் அரங்கு, அவ்வீரத்தை வேண்டியது யார், அதன் பயனைப் பெற்றது யார் என்னும் கேள்விகளை மறைத்துவிடும். அழுகையை மாத்திரம் பேணும் அரங்கு, உழைக்கும் பெண்ணின் ஆற்றலை மறைத்துவிடும்.

ஆகவே, இக்கதையை இனி மேடையேற்றுவோர் ஒப்பாரியை இறுதிக் காட்சிக்கென ஒதுக்கிவிடாது, யானை கட்டப்படும் கணத்திலேயே பிற்பாட்டுக்காரர் வாயில் அதனை ஒலிக்கச் செய்தல் வேண்டும். கட்டப்பட்ட யானை யாருடைய முற்றத்துக்குப் போகின்றது என்பதையும் பார்ப்போர் காணவேண்டும். வென்றவளும் இறந்தவளும் ஒருத்தியே என்ற உண்மை அப்போதுதான் அரங்கிலே புலப்படும்.